சாக்கும் துண்டும்

என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். ஓட்டுவது அவர், துடைப்பது நான். நைனார்பாளையம் பக்கம் எங்கள் ஊர். கூலிவேலைக்காரர்கள் குடியிருக்கும் எங்கள் தெருவுக்குப் போக ஊர்த்தெருவைத் தாண்டித்தான் ஆக வேண்டும். எங்கள் தெருவுக்குள் வந்து நின்ற முதல் கார் அதுதான். ஊர்த்தெருவில் பலருக்கு அது பொறுக்கவில்லை.

ஊர்த்தெரு முடியும் வளைவில் டிராக்டர்காரன் வீடு. நேரில் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். எழுதும்போதாவது அவன் என்று எழுதிக்கொள்கிறேன். கரும்பு ஏற்றுகிற டிரெய்லரைப் பாதி வழியை அடைத்து நிறுத்துவான். அது போதாதென்று, கிரீஸும் பழைய இன்ஜின் ஆயிலும் ஊறிய சாக்கு ஒன்றை அதன் கொக்கியில் தொங்கவிட்டிருப்பான். எப்படி ஒதுக்கி ஓட்டினாலும், கதவில் நீளமாக ஓடுகிற பீடிங் என்கிற கருப்புப் பட்டையிலும் பம்பரிலும் அது ஒரு இழுப்பு இழுத்துவிடும். கேட்டதற்கு, காரை மெயின்ரோட்டிலேயே விட்டுவிட்டு நடந்து வர வேண்டியதுதானே, காலில் முள்ளா குத்தியிருக்கிறது என்றான். அவனுக்கு வேண்டியது அதுதான்.

என் வீட்டுக்காரர் சாது. டீக்கடை ஓரமாக நிறுத்திவிடலாம், எதற்கு வம்பு என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார் என் வாசலில்தான் நிற்கும், ரோட்டில் நிறுத்தினால் நீங்களும் அங்கேயே படுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

ஆனால் கறையோடு சவாரிக்கு அனுப்ப முடியுமா? ஒரு முறை புடவையில் பட்டால் அடுத்த முறை யார் கூப்பிடுவார்கள்? முதலில் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தேன். கறையோடு பீடிங்கின் கருப்பும் போய்த் திட்டுத் திட்டாக வெளுத்தது. தேங்காய் நார் கீறிவிட்டது. கடைசியில் மாட்டுத் தவிட்டை அப்பி, எண்ணெயை அது குடித்ததும் தட்டிவிட்டு, பாத்திரம் கழுவுகிற சோப்பை வெந்நீரில் கரைத்து, பழைய பல் பிரஷ்ஷால் இடுக்கெல்லாம் தேய்த்தபோதுதான் போனது. தினமும் காலையில் இதே பிழைப்பு. தேய்க்கத் தேய்க்க அவனைத் திட்டுவேன். நாசமாய்ப் போக, கை விளங்காமல் போக என்று வாயில் வந்ததெல்லாம்.

ஒரு நாள் நான் தவிட்டுக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தபோது அவனே எங்கள் தெருமுனைக்கு வந்து நின்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டான். எலவனாசூர்கோட்டையில் அவன் மகனுக்கு நிச்சயதார்த்தம். மகனும் சொந்தக்காரர்களும் முன்னாலேயே வேனில் போய்விட்டார்கள். உளுந்தூர்பேட்டையிலிருந்து வர வேண்டிய கார் வழியில் நின்றுவிட்டது. நல்ல நேரம் போகிறது, உடனே வண்டியை எடு என்றான்.

வீட்டுக்காரர் அவசரமாகத் துணியை எடுத்தார். நான் பிடுங்கிக்கொண்டேன். அப்படியே ஓட்டுங்கள் என்றேன். அவர் காரைத் தெருமுனைக்குக் கொண்டுபோக, நானும் கிண்ணத்தோடு பின்னாலேயே போனேன்.

அவன் பட்டுக்கரை வேட்டி, தோளில் வெள்ளைத் துண்டு. அவன் மனைவி பட்டுப்புடவையில் இருந்தார். கதவைத் திறக்கப் போன அந்த அம்மா பீடிங்கைப் பார்த்ததும் கையை இழுத்துக்கொண்டு, இதில் எப்படி ஏறுவது என்றார். அவன் என் பக்கம் திரும்பினான்.

"இன்னா பாத்துக்கினு நிக்கிற? தொட."

தெருவே வெளியே வந்து நின்றது. எனக்குப் பயமில்லை, ஆத்திரம்.

"உங்க வூட்டு சாக்குல இருந்து வந்ததுங்க. நீங்களே தொடச்சிக்கிங்க."

கிண்ணத்தை அவன் காலடியில் வைத்தேன். என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என்னையும் அவனையும் பார்த்தார். இறங்கித் துடைத்துவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் இறங்கவில்லை.

அந்த அம்மா புருஷனைப் பார்த்தார். எந்தச் சாக்கு என்று கேட்கவில்லை. தினமும் அவர் கோலம் போடுவது அந்த டிரெய்லருக்குப் பக்கத்தில்தானே.

"நேரம் போவுது. தொடைங்க," என்றார்.

அவன் தோளிலிருந்து துண்டை எடுத்தான். அவனைக் கண்டால் எங்கள் தெரு ஆண்கள்தான் துண்டை இறக்குவார்கள். அவன் துண்டு இறங்கி நான் பார்த்ததே இல்லை. குனிந்து, பீடிங்கை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை துடைத்தான். தவிட்டைத் தொடவில்லை. மேலாக இருந்த கறை துண்டுக்கு வந்தது. இடுக்கில் இருந்தது அப்படியே இருந்தது. துண்டைச் சுருட்டிக்கொண்டு ஏறி, அதைக் காருக்குள் காலடியில் போட்டுக்கொண்டு போனான். நிச்சயதார்த்தத்தில் வெறும் தோளோடுதான் உட்கார்ந்திருந்தானாம். திரும்பி வந்து இறங்கும்போது துண்டைக் காரிலேயே விட்டுவிட்டான்.

மறுநாள் கொக்கியில் சாக்கு இல்லை. டிரெய்லர் மட்டும் அங்கேயே நின்றது. என் வாசலில் கார் நின்றது. இடுக்கில் மிச்சமிருந்த கறையை அந்தத் துண்டால்தான் துடைத்தேன். நல்ல துணி, சுத்தமாக எடுத்தது.