துரத்தத் தெரிந்தவர்

இருபது ஆண்டுகள் துரத்துவதற்காகச் சம்பளம் வாங்கிய ஒரு மனிதனால், ஐந்து வினாடிக்குள் விலகி ஓடக் கற்றுக்கொள்ள முடியுமா? பியோ மன்சோக்கின் வாழ்க்கை எங்களிடம் கேட்டது இதைத்தான். கிம்போ விமான நிலையத்தின் விமானிகள் ஓய்வறையில் இதை வைத்துப் பந்தயமே கட்டினார்கள். ஜெயித்தவனுக்கு ஒரு முழு வறுத்த கோழி. பெரும்பாலோர் அவருக்கு எதிராகத்தான் கட்டினார்கள். நானும்தான்.

மன்சோக் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். நாற்பத்து மூன்று வயதில் பதவியைத் துறந்து, பயணிகள் விமானத்தில் துணை விமானியாகச் சேர்ந்தார். நான் கேப்டன், அவரைவிட ஏழு வயது இளையவன். எங்கள் ஊரில் வயதில் மூத்தவருக்கு மேலதிகாரியாக இருப்பது சின்ன விஷயமல்ல. விமானத்தின் கதவு மூடினால் அவர் என்னை "நீங்க" என்பார். கதவு திறந்தால் நான் "தம்பி". சோஜு மது ஊற்றும்போது, மரியாதைக்காகப் புட்டியை நான்தான் இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும். ஒருமுறை ஜேஜு தீவில் கதவு பாதி திறந்து மாட்டிக்கொண்டது. அன்று இரண்டு பேரும் வாயே திறக்கவில்லை.

அவருடைய சிக்கல் ஒரு பெட்டியோடு. பக்கத்தில் வேறு விமானம் வந்தால் அந்தப் பெட்டி முதலில் எச்சரிக்கும். இன்னும் நெருங்கினால் "ஏறு" அல்லது "இறங்கு" என்று கட்டளை போடும். எதிரே வரும் விமானத்தின் பெட்டியோடு அது முன்பே பேசி முடித்திருக்கும்: நீ மேலே, நான் கீழே. பெரியவர்கள் பேசி முடித்த கல்யாணம் மாதிரி. மாப்பிள்ளைக்குக் கடைசியில் தகவல் வரும். விமானி ஐந்து வினாடிக்குள் சொன்ன பக்கம் மெதுவாக நகர வேண்டும். இடமோ வலமோ சாயக் கூடாது. கீழேயிருந்து கட்டுப்பாட்டாளர் வேறு ஏதாவது சொன்னாலும் கேட்கக் கூடாது.

மன்சோக்கோ எச்சரிக்கை கேட்டதும் கழுத்தை நீட்டித் தேடுவார். கண்டதும் அந்தப் பக்கமே விமானத்தைத் திருப்புவார். போர் விமானத்தில் அதற்குப் பதக்கம் கொடுப்பார்கள். கேப்டன் பதவிக்கான தேர்வில், நிஜ விமானம் போலவே ஆடும் பயிற்சிக் கூண்டுக்குள், இரண்டு முறை அதற்காகவே தோற்றார். தேர்வாளர் சூ தேக்யு நாக்கில் விஷம் வைத்திருப்பவர்.

"சார், அவன் எதிரி இல்ல. நூத்தி எம்பது பேரையும் ஆரஞ்சுப் பெட்டியையும் ஏத்திக்கிட்டு வீட்டுக்குப் போறவன்."

"கண்ணால பாக்காம எப்படி நம்பறது?"

"பாத்தீங்கல்ல? பாத்துட்டு நேரா அவன் வயித்துலயே போய் இடிச்சீங்க. செத்தும் போயிட்டீங்க. போய் காபி குடிங்க."

மூன்றாவது முறையும் தோற்றால் கேப்டன் ஆகும் பேச்சே இல்லை என்பது நிறுவனத்தின் விதி. அவருக்கு அப்போது ஐம்பத்து நான்கு. அவர் மனைவி ஓ கில்ரே, கேப்டனின் நால்வரித் தோள்பட்டையோடு குடும்பப் படம் எடுக்க ஸ்டுடியோவில் ஏற்கெனவே விலை விசாரித்துவிட்டிருந்தார். காரில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வரும்போதெல்லாம் அந்த அம்மாள் கேட்பது ஒன்றுதான்: "முன்னாடி போற வண்டிக்கும் உங்களுக்கும் என்னங்க பகை? கொஞ்சம் தள்ளித்தான் போங்களேன்!"

தேர்வுக்கு மூன்று வாரம் இருந்தது. ஜேஜுவிலிருந்து நண்பகலில் கிளம்பினோம். தெளிவான வானம், காற்றே இல்லை. அவர் ஓட்டினார், நான் வானொலியைப் பார்த்துக்கொண்டேன். ஏறிக்கொண்டிருந்தபோது எச்சரிக்கை ஒலித்தது. மேலே யாரோ தனக்குச் சொன்ன உயரத்தைத் தவறவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தார். மன்சோக்கின் கழுத்து நீண்டது. வலப்பக்கம் முன்னால் ஒரு வெள்ளைப் புள்ளி.

"தெரியுது," என்றார்.

"இறங்கு, இறங்கு," என்றது பெட்டி.

அவர் தானாக ஓட்டும் கருவியை அணைத்தார். வலது இறக்கை அந்தப் புள்ளியை நோக்கிச் சாய்ந்தது. என் கை என் பக்கத்துச் சுக்கானுக்கு வந்துவிட்டது. அதற்குள் இறக்கை நேரானது. அவரே மூக்கைத் தாழ்த்தினார். பாடத்தில் இருக்கிறபடி, மென்மையாக. புள்ளி வாலும் இயந்திரமுமாக வளர்ந்து எங்கள் தலைக்கு மேலே போயிற்று. "மோதல் நீங்கியது" என்று பெட்டி சொன்னதும் நான் வானொலியில் கட்டுப்பாட்டாளருக்குத் தகவல் சொன்னேன்.

பின்னாலிருந்து தலைமைப் பணிப்பெண் அழைத்தாள். "கேப்டன், என்ன ஆச்சு? ஜூஸ் ஊத்திக்கிட்டிருந்தேன். ஒரு சொட்டு சிந்தல, ஆனா வயிறு மட்டும் மேல வந்துடுச்சு."

கிம்போவில் இறங்கி, பன்றிக் குழம்புச் சோறு விற்கும் கடைக்குப் போனோம். நான் புட்டியை இரண்டு கையால் பிடித்தேன்.

"இறங்கினது சரியா இருந்துச்சுண்ணே," என்றேன். நான் பாராட்டுவது அவ்வளவுதான்.

"இறக்கை?"

"காத்தா இருக்கும்."

அவர் கிம்ச்சி என்னும் முள்ளங்கி ஊறுகாயை நிதானமாக மென்றார். "இன்னைக்குக் காத்தே இல்லையே, தம்பி."

ஒரு செயல் எப்போது நம்முடையதாகிறது? முதலில் கை போன இடத்திலா, அதைத் திருப்பிய இடத்திலா? எத்தனையோ புத்தகங்கள் புரட்டியிருக்கிறேன். அந்தக் கடையில் எதுவும் உதவவில்லை. குழம்பு ஆறிக்கொண்டிருந்தது, சாப்பிட்டேன்.

இரண்டு நாளில் எங்களை விசாரித்த பாதுகாப்புக் குழுவில் மூன்று பேர், அதில் சூ தேக்யுவும் ஒருவர். விமானத்தின் பதிவு வரைபடத்தை மேசையில் விரித்தார்கள். இறங்கத் தொடங்க எடுத்த நேரம் மூன்று வினாடி. ஒருவர் "அருமை" என்றார். இன்னொருவர் இறக்கைச் சாய்வுக் கோட்டில் விரலை வைத்தார்.

"இது என்ன, நாலு டிகிரி?"

மன்சோக் வாயைத் திறப்பதற்குள் சூ தேக்யு முந்திக்கொண்டார். "காத்துங்க. விடுங்க. நிஜத்துல செஞ்சு காட்டினவருக்கு இனி பொம்மைக் கூண்டுல என்ன பரீட்சை?"

மன்சோக் என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

ஒரே வாரத்தில் உத்தரவு வந்தது. தேர்வில் அந்தப் பகுதி நிறைவேறியதாகக் கொள்ளப்பட்டது. மற்றவற்றில் அவர் எப்போதுமே முதல்தான். கேப்டன் பியோ மன்சோக். ஓய்வறையில் பந்தயத்தில் தோற்றவர்கள் எல்லோரும் பணம் போட்டுக் கோழி வாங்கினோம். ஒரு கால் துண்டை அவருக்கு எடுத்துவைத்தோம். சூ தேக்யு தானே பீர் ஊற்றி, "சாவடிச்சதுக்கு மன்னிச்சிருங்க, சார்," என்றார். ஓ கில்ரே ஸ்டுடியோவில் நாள் குறித்துவிட்டார்.

பட்டையை வாங்கிக்கொள்ள வேண்டிய காலையில் மன்சோக் நிர்வாக அலுவலகத்துக்குப் போய், துணை விமானியாகவே நீடிக்க விரும்புவதாக ஒரு படிவத்தை நிரப்பிக் கொடுத்தார். அலுவலகப் பெண் இரண்டு முறை கேட்டாளாம். மனைவி ஒரு மாதம் பேசவில்லை. ஓய்வு பெறும்வரை அவர் என் வலப்பக்கத்தில் உட்கார்ந்துதான் பறந்தார். ஏன் என்று ஒருமுறை சோஜு தைரியத்தில் நானே கேட்டேன். மீன் நன்றாக இருக்கிறது, சாப்பிடு என்றார். அந்தப் படிவத்தை நான் பார்த்திருக்கிறேன். காரணம் எழுத வேண்டிய கட்டத்தில், ஜேஜுவிலிருந்து வந்த அந்தக் காற்றில்லாத நாளின் தேதியை எழுதியிருந்தார்.