சுத்தமான குப்பை

என் அப்பா தனியார் துப்பறிவாளர். குப்பை வண்டி வருவதற்குள் பிறர் வீட்டு வாசலில் இருக்கும் பையைத் தூக்கி வந்து, மொட்டை மாடியில் பழைய பேப்பரை விரித்துக் கொட்டிக் கிளறுவார். "ஆளைப் பாத்து என்ன தெரியப்போகுது? குப்பையப் பாத்தாப் போதும்" என்பார்.

சொந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. பள்ளிக்கூடக் காலத்தில் நான் சுக்குநூறாகக் கிழித்துப் போட்ட சினிமா டிக்கெட்டை ஒட்டி, என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "கூட யாரு வந்தா?" என்று மட்டும் கேட்டார். அன்றிலிருந்து என் குப்பையெல்லாம் கைப்பையில் ஏறி வெளியே போனது. வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, தூக்கத்துக்காக நான் விழுங்கிய மாத்திரைகளின் காலி அட்டையும் அலுவலகக் கூடையில்தான் விழுந்தது.

"எம்பொண்ணு குப்பையில ஒரு குத்தம் சொல்ல முடியாது" என்று உறவுக்காரர்களிடம் பீற்றிக்கொள்வார்.

எனக்கு வரன் வந்ததும் மாப்பிள்ளை வீட்டுக் குப்பையை ஒரு மாதம் கிளறினார். "பாட்டில் இல்ல, சிகரெட் இல்ல. சுத்தம்மா. கண்ண மூடிக்கிட்டுக் கழுத்த நீட்டு." நீட்டினேன்.

மறுவாரம், வேலைக்குக் கிளம்பிய கணவர் கட்டிலுக்கு அடியிலிருந்து காலி பாட்டிலை எடுத்து, துண்டில் சுற்றி, ஆபீஸ் பையில் வைத்தார். அது எங்கே போகிறது என்று நான் கேட்கவில்லை. என் கைப்பையில் அன்றைய மாத்திரை அட்டை இருந்தது.

இப்போதும் அப்பா எப்போதாவது வருவார். நேராகச் சமையலறைக்குப் போய்க் குப்பைக்கூடையை எட்டிப் பார்ப்பார். "நீ நல்லா இருக்கம்மா" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார்.