தீ இல்லாத இணைப்பு

அந்தக் கருவியை முதலில் பார்த்தபோது ஏதோ பெரிய குறடு என்றுதான் நினைத்தேன். முழங்கை நீளத்துக்கு இரண்டு கைப்பிடிகள், மேலே சிவப்பு ரப்பர் உறை, முனையில் எதிரெதிராக நிற்கும் இரண்டு இரும்புத் தாடைகள். குறடு பிடுங்கும், முறுக்கும். இது சேர்த்துவைக்கும். பித்தளையில் ஒரு விரற்கடை அளவு குழல். அதன் இரு வாயிலும் இரண்டு குழாய்களைச் செருகிவிட்டு, மேலே போட்டிருக்கும் வளையத்தைத் தாடைகளுக்கு நடுவில் வைத்து அமுக்க வேண்டும். வளையம் இறுகிக்கொண்டே நகர்ந்து குழலின் நடுவரம்பைத் தொடும். தொட்டால் முடிந்தது. கழற்ற முடியாது. தப்பாகிவிட்டால் வெட்டித்தான் எடுக்க வேண்டும். சமாதானத்துக்கு இடமே வைக்காத அந்தப் பிடிவாதம் எனக்கு உடனே பிடித்துப்போனது.

கவரைப்பேட்டையில் நாங்கள் இருக்கும் வீட்டின் பக்கத்து போர்ஷனில் ஃபிரிட்ஜ் மெக்கானிக் ஒருவர் குடியிருக்கிறார். அவர் மனைவி கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலைக்குப் போகிறாள். போன வருஷம் யாரோ வீட்டில் குழாய்க்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே மிச்சமிருந்த கேஸ் பற்றிக்கொண்டது. இந்தக் காலத்து ஃபிரிட்ஜ்களில் இருப்பது எரிகிற கேஸ். அவருடைய வலது கை முழங்கைவரை வெந்தது. தோல் ஆறிவிட்டது, ஆனால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. விரல்கள் பாதிதான் மடங்கும். அது பரவாயில்லை, அடுப்பு பற்றவைக்கும் சத்தம் கேட்டாலே எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார் என்று அவள் என்னிடம் சொன்னாள்.

ஒரு வருஷம் வேலை இல்லை. கடைசியில் ஒரு கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி வேலைக்கு ஆள் கேட்டார்கள். திங்கட்கிழமை வந்து சேர வேண்டும். சரியாக அந்த வாரம்தான், ஏசி கம்பெனியில் வேலை பார்த்துவிட்டு வெளிநாடு போகிற ஒருவரிடமிருந்து தீ வைக்காமலே குழாயைச் சேர்க்கிற இந்தக் கருவியையும் ஒரு டப்பா வளையங்களையும் அவள் வாங்கிவந்தாள். சனிக்கிழமை என் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. ஞாயிறு காலை நாஷ்டா முடித்த கையோடு இருவரும் என் சமையலறையில் வந்து நின்றார்கள்.

“அக்கா, இன்னிக்கு உன் ஊட்ல தான் பரீட்ச” என்றாள் அவள். “பாஸ் ஆனா மெக்கானிக்கு. ஃபெயில் ஆனா நாளைக்கு கேட்ல நின்னு சல்யூட் அடிப்பாரு.”

“நீ வாய மூடிக்கினு கொஞ்சம் இரு” என்றார் அவர்.

ஃபிரிட்ஜை இழுத்துத் திருப்பினோம். கம்ப்ரஸரிலிருந்து நேராக மேலே எழும் செப்புக் குழாயில் பச்சை பூத்திருந்தது. பழவேற்காட்டுப் பக்கமிருந்து வருகிற உப்புக் காற்றின் வேலை. ஜன்னல்களையெல்லாம் திறந்துவிட்டு, மிச்சமிருந்த கேஸை ஒரு ட்யூப் வழியாக வெளியே விட்டார். அரித்த இடத்தை வெட்டி எடுத்தார். அந்த இடைவெளிக்குப் புதுத் துண்டு ஒன்று வேண்டும். மேலே ஒரு இணைப்பு, கீழே ஒரு இணைப்பு.

குழாய் முனைகளை உப்புத்தாளால் தேய்க்கச் சொன்னார். நான் புதுத் துண்டை வாங்கி, கரண்டிக் காம்பைத் துலக்குவதுபோல் மேலும் கீழுமாகத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது. பெருமையாக நீட்டினேன். அவர் இடது கட்டைவிரல் நகத்தால் ஒரு தடவை தடவிப் பார்த்தார்.

“போச்சுக்கா. நீட்டுக்கு கோடு உழுந்துடுச்சி. கேஸு அந்தக் கோட்ட புடிச்சிக்கினு நேரா வெளிய வந்துடும். சுத்தி சுத்தி தேய்க்கணும், வளையல் கணக்கா.”

நான் தேய்த்த துண்டு குப்பைக்குப் போனது. வேறு துண்டு வெட்டினார். கண்ணுக்கே தெரியாத ஒரு கீறலின் திசையை நகத்தால் படித்துவிட்டாரே என்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவர் தேய்த்தார்: குழாயைத் தாள் சுற்றிவர, தாளைக் குழாய் சுற்றிவர. துடைத்து, நுண்கீறலை அடைக்கும் திரவம் ஒரு சொட்டு தடவி, குழலுக்குள் முட்டும்வரை செருகி, குழல் வாயை ஒட்டி மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டார். அமுக்கும்போது குழாய் பின்வாங்கினால் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

மேல் இணைப்பு சுலபமாக முடிந்தது. இரண்டு கையாலும் பிடித்து அமுக்கினார். வளையம் நகர்வது கண்ணுக்குத் தெரிந்தது: ஒரு நெல்மணி அளவு, இன்னும் ஒரு நெல்மணி. நடுவரம்பில் போய் முட்டியதும் கைப்பிடிகள் தாமாக நின்றுகொண்டன. சத்தம் இல்லை, புகை இல்லை, பொறி இல்லை. ஒரு உலோகம் இன்னொன்றை இவ்வளவு அமைதியாக ஒப்புக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது.

கீழ் இணைப்பில்தான் வந்தது வினை. கம்ப்ரஸருக்கும் சுவருக்கும் நடுவில், ஒரு கைதான் போகும் மூலை. இடது கையை ஊன்றிக்கொண்டால்தான் குனியவே முடியும். வலது கை அமுக்க வேண்டும். அமுக்கினார். வளையம் பாதி தூரம் வந்து நின்றது. மறுபடி. கழுத்து நரம்பு புடைத்தது. பாதி மடங்கிய விரல்களிலிருந்து கைப்பிடி வழுக்கிக்கொண்டு விரிந்தது. அவர் கருவியைத் தரையில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

அவள், கேலி எதுவும் இல்லாத குரலில், “நா அமுக்கட்டாயா?” என்றாள்.

“இங்க நீ அமுக்குவ. நாளைக்கு போற ஊட்டுக்கெல்லாம் கூட வருவியா?”

அவர் தரையிலிருந்து வளையம்வரை உயரத்தை இடது கையால் சாண் வைத்து அளந்தார். பிறகு என் பக்கம் திரும்பி, “அக்கா, செங்கல் இருக்குதா? ஒண்ணு போதும்” என்றார்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் கிடந்ததைக் கொண்டுவந்து கொடுத்தேன். அதைத் தரையில் வைத்து, கருவியின் கீழ்க் கைப்பிடியை அதன்மேல் படுக்கவைத்தார். தாடைகளை வளையத்தில் பொருத்தினார். மேல் கைப்பிடியின்மீது வலது முழங்கையை ஊன்றினார். அப்புறம் அமுக்கவில்லை, கவிழ்ந்து படுத்தார். தோளும் மார்பும் மெதுவாக இறங்கின. அவள் தரையோடு கன்னத்தை வைத்து மூலைக்குள் எட்டிப் பார்த்து நேர்முக வர்ணனை சொல்லிக்கொண்டிருந்தாள்.

“வருது... வருதுயா... நெளியாத, நேரா எறங்கு... தோ, முட்டிச்சி!”

“கோடு?”

“கோடு அங்கியே தான் கீது.”

விரல் செய்ய வேண்டியதை உடம்பு செய்துவிட்டது. இந்தக் கருவியைச் செய்தவர்கள் நல்ல பிடியுள்ள இரண்டு கைகளைத்தான் கணக்கில் வைத்திருப்பார்கள். கைப்பிடியின் நீளம் முழங்கைக்கும் வழிவிட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தது அவர்.

இனி சோதனை. குட்டி சிலிண்டரிலிருந்து நைட்ரஜனை உள்ளே ஏற்றினார். இரண்டு இணைப்புகளிலும் சோப்பு நுரை பூசினார். குமிழ் வரவில்லை. அதை அவர் நம்பவில்லை. அழுத்தம் காட்டும் மீட்டரின் கண்ணாடியில், முள் நிற்கிற இடத்தில் மார்க்கரால் கோடு கிழித்து, “முள்ளு எறங்காம ஒரு மணி நேரம் நிக்கணும்” என்றார்.

நான் கொல்லைக்கும் சமையலறைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் சுபாவம் அப்படி.

“அக்கா, நீ இப்டி சுத்திக்கினு இருந்தா முள்ளு உன்ன பாத்தே ஆடிடும்” என்றாள் அவள். “ஒக்காருக்கா, பேஜாரா கீது.”

உட்கார்ந்தேன். மூவரும் தரையில் அமர்ந்து ஒரு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அசையாமல் நிற்கும் எதையும் இவ்வளவு ஆசையோடு இதற்குமுன் நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் முடிந்து, மணி பதினொன்றரை ஆனது. முள் கோட்டை விட்டு நகரவே இல்லை. அவர் நேராகப் பார்த்தார், பக்கவாட்டில் பார்த்தார், கண்ணாடியைச் சுண்டிப் பார்த்தார்.

“நாளைக்கு கேட் வேலைக்கு கூப்ட ஆளுக்கு இன்னா சொல்றது?” என்றாள் அவள்.

அவர் போனை எடுத்தார். “ண்ணே, நாந்தான். நாளைக்கு வேற ஆள போட்டுக்கோங்க... இல்லண்ணே, வேல கெடச்சிடுச்சி. ஃபிரிட்ஜ் வேல தான்... ஆமா, நானே தான் பண்றேன்.”

அவள் எழுந்து புடவையை உதறிக்கொண்டாள். முகத்தை எங்களுக்குக் காட்டாமல் ஜன்னலைப் பார்த்து, “போன்ல பேசுனது போதும்யா. இன்னும் வேக்கம் போட்டு உள்ள கீற காத்த உறியணும், கேஸ் ஏத்தணும். அக்கா ஊட்டுப் பாலு எங்க ஃபிரிட்ஜ்லயே குடும்பம் நடத்திக்கினு இருக்குது” என்றாள்.

அவர் வேக்கம் பம்பைக் குழாயோடு மாட்டி, சுவிட்சைப் போட்டார்.