வரவேற்பறையில் ஒரு பவர் பிரஸ்

ஓசூரில் நான் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த தொழிற்சாலையை மூடியபோது என்னை மட்டும் இருக்கச் சொன்னார்கள். நான் எலக்ட்ரீஷியன். தரைக்கடியில் எந்தக் கேபிள் எங்கே போகிறது என்று சரியான வரைபடம் கிடையாது, எனக்குத்தான் தெரியும். இடத்தை வாங்கியவர்கள் அதை பிசினஸ் பார்க் ஆக்கினார்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரை போய்க் கண்ணாடிச் சுவர் வந்தது. இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் மிஷின்கள் ஓடிய பிரஸ் ஷாப் ‘பிளாக் ஏ’ ஆனது. “பிரஸ் ஷாப் பக்கம் வாங்க” என்று நான் போனில் சொன்னால் யாருக்கும் புரியவில்லை. சில வாரங்களில் நானும் பிளாக் ஏ என்றே சொல்லப் பழகிவிட்டேன்.

பழைய மிஷின்களில் ஒன்றை மட்டும் வரவேற்பறையில் நிறுத்த முடிவு செய்தார்கள். ஒரு பவர் பிரஸ். அதற்கு ஆரஞ்சு பெயின்ட் அடித்தார்கள். விளம்பர வேலைக்காக பெங்களூரிலிருந்து வந்திருந்த பெண் என்னிடம் கேட்டாள்: “சார், இந்த மிஷின் பத்தி ஒரு நல்ல கதை சொல்லுங்க. பக்கத்துல போர்டு வைக்கணும்.”

எனக்கு ஒரு கதைதான் தெரியும். அந்த பிரஸ்ஸை ஓட்டியவர் கிருஷ்ணகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துக்காரர். ஒருநாள் காலை ஷிஃப்டில் அவருடைய இரண்டு விரல்கள் அதில் போயின. கம்பெனி வேனில் ஆஸ்பத்திரி வரை அவர் கையைத் துணியால் சுற்றிப் பிடித்துக்கொண்டு போனது நான். அதற்குப் பிறகு பல வருடம் மதியச் சாப்பாட்டுக்கு நாங்கள் சேர்ந்தேதான் உட்கார்ந்தோம்.

அந்தப் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டாள். “வேற ஏதாவது... கொஞ்சம் பாசிட்டிவா இருக்கா சார்?”

“நிக்காம ஓடின மிஷின்மா” என்றேன். போர்டில் அதுதான் இங்கிலீஷில் ஏறியது.

மகளின் குழந்தையைப் பார்த்துக்கொள்ள மனைவி மதுரைக்குப் போய் ஒரு வருடமாகியிருந்தது. நாள் முழுக்க என்னிடம் பேசுகிறவர்கள் லிஃப்ட், லைட், ஏசி பற்றித்தான் பேசினார்கள். ஒரு நாள் அந்த பிரஸ்ஸை ஓட்டியவருக்கு போன் செய்து, “அண்ணே, உங்க பிரஸ்ஸ இங்க வச்சிருக்காங்க. ஒருதடவ வந்து பாத்துட்டுப் போங்க” என்றேன். அவர் பார்த்தால் என்ன சொல்வார் என்று அன்றிலிருந்தே யோசித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வாரம் வந்தார். வாசலில் விசிட்டர் பாஸ் வாங்கிக் கழுத்தில் மாட்டிவிட்டேன். பிரஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். போர்டைப் படித்துச் சொன்னேன். உரக்கச் சிரித்தார்.

“நிக்காம ஓடுச்சா? வாரத்துல ரெண்டு நாளு நின்னுதான கெடந்துச்சு! நீதான வந்து ரிப்பேர் பாத்த.”

நானும் சிரித்தேன். அவர் கை அந்த இரும்பின்மேல் சும்மா இருந்தது. ஏதோ ஒரு கம்பத்தில் கை வைத்திருப்பது போல.

“கஷ்டமா இல்லையாண்ணே?”

“எதுக்குப்பா? அது போயி எத்தினி வருசமாச்சு. இப்ப மாங்கா சீசன், லோடு மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போவணும். தலைக்கு மேல வேல கெடக்குது.” பிறகு என்னை உற்றுப் பார்த்தார். “நீ ஏன்பா இன்னும் இங்கயே கெடக்குற? மதுரைக்குப் போயிடேன்.”

“சாப்பிட்டுப் போலாம்ணே” என்றேன். இரண்டு பேருக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டி வந்திருந்தேன். அவர் இருக்கவில்லை. மத்தியானத்துக்குள் தோப்பில் இருக்க வேண்டுமாம். பாஸைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு பைக்கில் கிளம்பினார்.

இத்தனை வருடமும் அந்த வலியை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து சுமப்பதாக நினைத்திருந்தேன். அவர் எப்போதோ இறக்கி வைத்துவிட்டிருக்கிறார்.

சாப்பாட்டைப் பிரிப்பதற்குள் மூன்றாம் மாடியிலிருந்து போன் வந்தது. மீட்டிங் அறையில் குளிர் தாங்கவில்லையாம். போய் ஏசியைக் குறைத்தேன். உள்ளே இருந்தவர்களில் ஒரு பெண், “தேங்க்ஸ் அண்ணா” என்றாள். நான் வெளியே வந்ததும் கண்ணாடிக் கதவு தானாகச் சாத்திக்கொண்டது.