மாமா தேன் தீத்திய கதை

பிறந்த பிள்ளைக்குத் தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுக்கக் கூடாது என்று எட்டு வருடங்களாகப் படிப்பித்தவள் நான். விசுவமடுப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் சுகாதாரமும் உடற்கல்வியும் என்னுடைய பாடம். முதல் நாட்களில் சுரக்கும் மஞ்சள் நிறப் பாலுக்குச் சீம்பால் என்று பெயர், அதுதான் குழந்தைக்குக் கிடைக்கும் முதல் தடுப்பு மருந்து என்று கரும்பலகையில் எழுதி, அடியில் இரண்டு கோடும் இழுப்பேன். சீனித்தண்ணீரும் தேனும் கொடுக்கிற தாய்மாரைப் பற்றிச் சொல்லும்போது என் குரலில் ஓர் இளக்காரம் தானாக வந்துவிடும். 'அறியாமை' என்பேன். அந்தச் சொல்லைச் சொல்ல எனக்கு மிகவும் பிடிக்கும்.

எனக்கு முப்பத்திரண்டு வயதில் முதல் பிள்ளை உண்டானது. ஏழாம் மாதமே மாமி, என் கணவரின் தாய், வீட்டில் ஒரு கூட்டம் போட்டார். பிள்ளையின் நாக்கில் யார் முதலில் இனிப்பு வைப்பது என்பதுதான் பேச்சு. வைக்கிறவரின் குணம் பிள்ளைக்கு ஊறும் என்பது நம்பிக்கை. என் அப்பாவின் பெயர் முதலில் வந்து, முதலிலேயே அடிபட்டது. வாழ்நாள் முழுக்க ஒரே சைக்கிள் ஓடிய மனிதர். அந்தச் சாதுப்போக்கு பிள்ளைக்கு வந்தால் என்ன செய்வது? கனடாவில் இருக்கும் மச்சாள், வீடியோவில் தான் வைக்க வழியுண்டா என்று கேட்டாள். கடைசியில் மாமியின் தமையன், எங்களுக்கு மாமா, தெரிவானார். கனகராயன்குளத்தில் அரிசி ஆலை, மேல்மாடி வீடு, இரண்டு வான் வண்டி. ஒரு வேலித் துண்டுக்காகக் கூடப்பிறந்த தம்பியோடு பதினொரு வருடமாகப் பேச்சில்லை.

"அந்தக் குணமும் ஊறுமோ மாமி?" என்று கேட்டேன்.

"பிள்ளைக்கு நல்லது மட்டும்தான் ஊறும்" என்றார் மாமி. எது ஊற வேண்டும், எது ஊறக் கூடாது என்பதைத் தேனே தெரிந்து வைத்திருக்கும் போல.

நான் சிரித்தேன். ஆஸ்பத்திரியில் ஒருவரையும் விடமாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வயிற்றை வெட்டித்தான் பிள்ளையை எடுத்தார்கள். பெண் குழந்தை. காலை ஒன்பது மணிக்கு என்னை வார்டுக்குக் கொண்டுவந்து, தாதி ஒருத்தி பிள்ளையை நெஞ்சில் வைத்துவிட்டுப் போனாள். பிள்ளை இரண்டு தரம் வாயை வைத்தது, பிறகு கத்தியது. எனக்குத் திரும்பிப் படுக்கவும் முடியவில்லை. துணைக்கு நின்ற மாமி என் மார்பை அமத்திப் பார்த்தார். மஞ்சளாக, பிசினைப் போல, ஒரு துளி வந்தது.

"உது கெட்ட பால் பிள்ளை. நல்ல பால் வர மூண்டு நாள் செல்லும். குஞ்சு பசியில கத்துது, கேக்கேல்லையே?"

கேட்டது. அது மட்டும்தான் கேட்டது. எட்டு வருடப் பாடத்தில் ஒரு வரி கூட என் வாயில் வரவில்லை. என்னிடம் பால் இல்லை, நான் ஒரு குறைப்பட்ட தாய் என்ற பயம்தான் மிஞ்சியது.

பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளரை விட்டார்கள். மாமா வெள்ளை வேட்டியோடு வந்தார். மாமி கைப்பையிலிருந்து, ஒரு காலத்தில் கண்மருந்து இருந்த சின்னப் போத்தலை எடுத்தார். காட்டுத்தேன், அதில் பவுன் மோதிரம் உரைத்துக் கலந்திருந்தது. 'தாய்ப்பால் தவிர வேறு உணவு கொடுக்க வேண்டாம்' என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அறிவித்தலுக்குச் சரியாகக் கீழே நின்று, மாமா விரலை வேட்டியில் துடைத்தார். மோட்டார் சைக்கிளில் வந்த விரல். பெற்றோல் மணம் எனக்கே அடித்தது.

நான் கணவரைப் பார்த்தேன். "ஒரு சொட்டுத்தானே" என்று சொல்லிவிட்டு, அவர் ஏதோ முக்கியமான அழைப்பு வந்ததுபோல போனோடு வெளியே போனார்.

மாமி என்னிடமும் கேட்டார்: "என்ன பிள்ளை, வைக்கட்டே?"

"ஓம்" என்றேன்.

யாரும் என் கையைப் பிடித்துக் கட்டவில்லை. வெட்டின இடத்து நோவு, பிள்ளையின் அழுகை, வீட்டுக்குப் போனால் மாமியோடு இருக்கவேண்டிய நாட்கள் எல்லாம் இருந்தன. ஆனால் உள்ளே இன்னொன்றும் இருந்தது. ஒருவேளை அந்த மேல்மாடி வீட்டு அதிர்ஷ்டம் ஊறுவது உண்மையாக இருந்தால், என் பிள்ளைக்கு ஏன் இல்லாமல் போக வேண்டும்? படித்தவளின் பேராசை.

ஒரு சொட்டு பத்துச் சொட்டானது. பிள்ளை நாக்கைச் சப்புக்கொட்டியது. "மாமாவை அடையாளம் கண்டிட்டுது!" என்று மாமி பூரித்தார்.

அதன் பிறகு பிள்ளை தூங்கியது. மார்பில் வைத்தாலும் வாய் திறக்கவில்லை. "என்ன சாதுவான பிள்ளை" என்று மாமி ஆட்களுக்குப் போனில் சொன்னார். நாலு மணிக்குத் தாதி வந்து கட்டிலடியில் குனிந்தாள். சிவப்பு எறும்பு வரிசையாகக் கட்டில் காலில் ஏறி, என் தலையணைக்குக் கீழே போய்க்கொண்டிருந்தது. தலையணையைத் தூக்கினாள். போத்தல்.

"ஆர் குடுத்தது?"

மாமி ஜன்னலைப் பார்த்தார். நான் மாமியைப் பார்த்தேன்.

"நீங்கள் என்ன வேலை செய்யிறீங்கள்?"

"டீச்சர்."

"என்ன பாடம் படிப்பிக்கிறீங்கள்?"

"கணிதம்" என்றேன்.

இவ்வளவு வேகமாக ஒரு பொய் என் வாயில் இதற்கு முன் வந்ததில்லை. தாதி தலையை ஆட்டிவிட்டு, குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்து, சீனி குறைந்திருக்கிறது என்று பிள்ளையைக் குழந்தைகள் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு போனாள்.

பக்கத்துக் கட்டிலில் ஓர் இளம் தாய் படுத்திருந்தாள். முள்ளிவாய்க்கால் பக்கம் கலியாணம் செய்து போனவள், இரண்டாவது பிள்ளை. பிறந்ததிலிருந்து அந்தப் பிள்ளையை மார்பை விட்டு எடுக்கவே இல்லை. தாதி போனதும் மெதுவாகக் கேட்டாள்:

"டீச்சர், என்னைத் தெரியேல்லையோ? ஒன்பதாம் வகுப்பில எங்களுக்குச் சுகாதாரம் படிப்பிச்சது நீங்களெல்லோ?"

எனக்கு நிலம் பிளந்தால் நல்லது என்றிருந்தது. கட்டிலை விட்டு இறங்கவே வழியில்லாத இடத்தில் நிலம் பிளந்தும் பயனில்லை.

"உங்கட பாடத்தை நம்பித்தான் மூத்தவனுக்கும் ஒண்டும் குடுக்கேல்லை. மாமியார் ஒரு கிழமை கதைக்கேல்லை" என்றாள். கேலி செய்யவில்லை, அதுதான் கூடுதலாகச் சுட்டது. பிறகு அவளே எழும்பி வந்து, எப்படிப் பிழிந்து எடுப்பது என்று காட்டினாள். மஞ்சள் துளிகளை ஒரு சின்னக் கப்பில் சேர்த்து, குழந்தைகள் பிரிவுக்குக் கொடுத்தனுப்பினோம். மூன்றாம் நாள், கல்லாக இறுகிய மார்போடு நான் அழுதுகொண்டிருக்கும்போது, பிள்ளையைக் கொண்டுவந்து தந்தார்கள். அது வாயை வைத்து இழுத்தது. அந்த இழுவை வயிற்றுத் தையல் வரைக்கும் நொந்தது. விடவில்லை.

வீட்டுக்கு வந்த இரண்டாம் கிழமை மாமியின் பசு கன்று போட்டது. அதன் முதல் பாலைச் சர்க்கரை போட்டுக் காய்ச்சி, கடும்பு என்று ஒரு கோப்பையில் கொண்டுவந்தார்.

"சாப்பிடு பிள்ளை. முதல் பால், நல்ல சத்து."

"மாட்டின்ர முதல் பால் கெட்டதில்லையோ மாமி?"

"மாடு வேற" என்றார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்.

"உன்ர மனுசன் பிறந்தது இடம்பெயர்ந்து ஓடேக்குள்ள, ஒரு மரத்துக்குக் கீழ. எனக்கு மூண்டு நாளாச் சோறில்லை. பால் வரேல்லை, வந்ததை எனக்கு எடுக்கவும் தெரியேல்லை. ஆரோ ஒரு மனுசி தகரப் பேணியில சீனித்தண்ணி கொண்டந்து தீத்தினா. அதிலதான் தப்பினவன். நான் வேற என்னத்தை நம்பிறது?"

மரத்தடியில் தகரப் பேணியில் வந்த இனிப்பு, சண்டை ஓய்ந்த பிறகு பவுன் போட்டுக்கொண்டு, அரிசி ஆலைக்காரரின் விரலில் ஏறி வந்திருக்கிறது என்று நினைத்தேன். மகள் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள். கடும்பு நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.