எக்ஸ்ரே பிலிம் வழியே பார்த்த நெருப்பு

ஜாஹிதைப் பைத்தியம் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆத்திரம் வரும். சொல்கிறவர்கள் யார்? அவன் வீட்டுக் கொல்லையில் ஒரு தடவை நெருப்பு வெடித்ததை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவர்கள். எதற்காக இதைச் செய்கிறாய் என்று அவனிடம் ஒருத்தரும் கேட்டதில்லை.

குத்தாலத்தில் என் அலுமினிய ஜன்னல் கடையில் அவன் வேலை பார்த்தான். கெமிஸ்ட்ரி பட்டதாரி. அந்தப் படிப்புக்கு எங்கள் ஊரில் கிடைத்தது அலுமினியச் சட்டம் அறுக்கிற வேலை. தெருவில் வீட்டுக்கு ஒருவர் துபாயிலோ சவுதியிலோ இருந்தார். அவர்கள் அனுப்பிய காசில் தேக்கு ஜன்னலைப் பெயர்த்துவிட்டு அலுமினிய ஜன்னல் வைப்பது அப்போது பெருமை. அந்த ஜன்னல்களை மாட்டிக்கொண்டே ஜாஹித் முப்பது வயதைத் தாண்டினான். அவனும் வெளிநாடு போக வேண்டும் என்று மனைவி ஷமா நச்சரித்தாள். அவனுக்கும் ஆசைதான். ஆனால் கக்கூஸ் கழுவப் போக மாட்டேன், கையில் ஒரு தொழிலோடுதான் விமானம் ஏறுவேன் என்று வீம்பு பிடித்தான்.

மீட்டர் கேஜ் பாதையைப் பிடுங்கி அகலப் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் ஜன்னல் அளவெடுக்கப் போனவன் மத்தியானம் வரைக்கும் திரும்பவில்லை. வந்ததும் திட்ட வாயெடுத்தேன். அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டேன்.

"அண்ணே, ரெண்டு தண்டவாளத்த ஒட்டுறாங்க. கரண்டும் இல்ல, கேஸும் இல்ல. அலுமினியத் தூளும் இரும்புத் துருவும்தாங்க. பத்த வச்சா இரும்பு கஞ்சி மாதிரி உருகி எறங்குது. தெர்மிட்டுன்னு பேரு. காலேஜ்ல ரெண்டு மார்க் கேள்விங்க அது. நெசமாவே நடக்கும்னு எனக்குத் தெரியாது."

தஞ்சாவூர் ஏஜெண்ட் மனோகரன் அந்தச் சமயம் பார்த்து, சவுதிப் பாலைவனத்தில் ரயில் பாதை போடுகிறார்கள், தண்டவாளம் ஒட்டத் தெரிந்தவனுக்கு உடனே விசா என்று சொல்லிவைத்தார். ஜாஹித் பாதை போடுகிறவர்களிடம் போய்ச் சும்மாவே வேலை செய்கிறேன் என்று கெஞ்சினான். வெளியாளைக் கிட்டே விடக்கூடாது என்று விரட்டிவிட்டார்கள். பிறகு கொல்லையே அவனுக்குப் பட்டறை ஆனது. அலுமினியத் தூள் என் கடையில் கூட்டிப் பெருக்கினது. துரு, பழைய இரும்புக் கடையில் சுரண்டினது.

எங்கள் மண் சித்திரையிலும் ஈரம் விடாது. அதைப் பிசைந்து அச்சுப் பிடித்தவன், மேலே காய்ந்ததைப் பார்த்து ஏமாந்துபோனான். உருகிய இரும்பு உள்ளே இறங்கியதும் ஈரம் ஆவியாகி அச்சு வெடித்தது. கொடியில் கிடந்த ஷமாவின் புடவையெல்லாம் பொத்தல். அன்றைக்குத்தான் ஊர் அவனுக்குப் பைத்தியப் பட்டம் கட்டியது. அவன் விடவில்லை. கடைசியில் இரண்டு இரும்புத் துண்டுகள் ஒட்டின. என் கையில் சம்மட்டியைக் கொடுத்து அடிக்கச் சொன்னான். மூச்சு வாங்க அடித்தேன், அசையவில்லை.

கிரகணம் பார்க்க எங்கள் ஊரில் எல்லோரும் எடுப்பது எக்ஸ்ரே பிலிமைத்தான். அவனும் அதையே எடுத்தான். அவனைப் பெற்று, இறந்தும்போன அத்தாவின் நெஞ்சுப் படம். அதைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு, இரும்பு எப்போது இறங்குகிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருப்பான். ஒத்தாசைக்கு என் கடையின் இன்னொரு ஆள் சித்தீக். அவன் சரியான பயந்தாங்கொள்ளி. நெருப்பு வைத்ததுமே வேலிப் பக்கம் திரும்பிக் கண்ணை இறுக்க மூடிக்கொள்வான். ஜாஹித் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

பார்க்கிற இடத்தின் நடுவில் கறுப்பாக ஒரு பொட்டு விழுகிறது என்று ஜாஹித் யாரிடமும் சொல்லவில்லை. தூக்கம் கெட்டதால் வந்தது, போய்விடும் என்று நினைத்திருக்கிறான்.

சென்னையில் நடந்த வேலைப் பரீட்சையில் கைப்பழக்கத்திலேயே தேறிவிட்டான். அங்கே அவனுக்குக் கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்களாம். "அதப் போட்டுப் பாத்தா நெருப்பு அவ்வளவு சாதுவா தெரியுதுண்ணே" என்றான். எனக்கு அவன் அத்தாவின் எக்ஸ்ரே பிலிம் ஞாபகம் வந்தது.

அடுத்தது மெடிக்கல். கண் பரிசோதனை அட்டையில் இருக்கும் எழுத்துகளை முன்னால் போய்வந்தவர்கள் டீக்கடையில் சொல்லிக்கொடுப்பது வழக்கம். ஜாஹித் மனப்பாடம் செய்துகொண்டு போனான். துணைக்குப் போன நான் கதவோரம் நின்றேன். கடகடவென்று ஒப்பித்தான். டாக்டரம்மா குச்சியை ஓர் எழுத்தின் மேல் வைத்தார்.

"இது என்ன?"

அவன் மறுபடியும் முதல் வரியிலிருந்து தொடங்கினான்.

"வரி வேணாங்க. குச்சி எங்க இருக்கு, சொல்லுங்க."

எல்லா எழுத்தும் தெரிந்தவனுக்குக் குச்சியின் நுனி தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது.

தஞ்சாவூர் கண் டாக்டர் விளக்கிச் சொன்னார். பிலிம் வெளிச்சத்தைக் குறைத்துக் காட்டும், கண்ணைச் சுடுவதைத் தடுக்காது. விழித்திரையின் நடுப்பகுதி வெந்துபோயிருக்கிறது. ஓரத்தில் மட்டும் பார்வை மிச்சம். வைத்தியம் இல்லை.

மனோகரன் கையில் விசா காத்திருந்தது. ஜாஹிதே சித்தீக்கின் பெயரைச் சொன்னான். கொல்லையில் உட்காரவைத்து, திட்டித் திட்டி, எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்தான். பார்த்துப் பழகுடா என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. சித்தீக் தேறினான். அவன் கண்ணில் ஒரு குறையும் இல்லை.

ஜாஹித் இப்போதும் என் கடையில்தான் இருக்கிறான். டேப்பில் நம்பர் தெரியாததால் அளவெடுக்க முடியாது. கண்ணாடி துடைக்கிறான். வெளிநாடு என்ற பேச்சை ஷமா எடுப்பதே இல்லை.

இரண்டு வருஷம் கழித்து சித்தீக் லீவில் வந்தான். நேரே கடைக்குத்தான் வந்தான். ஜாஹிதின் கையைப் பிடித்துக்கொண்டு, பாலைவனத்தில் மைல் கணக்காக ஒட்டியதையெல்லாம் சொன்னான். ஜாஹித் உம் கொட்டிக்கொண்டிருந்தான். முகம் மட்டும் சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தது. சித்தீக் அவன் கையை விடாமலே கேட்டான்.

"அண்ணே, எம்மேல கோவமா? ஒங்க வேலைக்குத்தான நான் போனேன். மூஞ்சியத் திருப்பிக்கிறீங்களே."

"இல்லடா" என்றான் ஜாஹித், சுவரைப் பார்த்தபடியே. "ஒன்னத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். நேரா திரும்புனா நீ இருக்க மாட்ட."