மசித்துளியில் ஸ்டெல்லா அக்கா பார்த்தது

போன செவ்வாய்க்கிழமை காலை நான் ஆலோசனை அறையில் ஒரு நோயாளியுடன் பேசிக்கொண்டிருந்தேன். ஆய்வகத்து ரஹீம் வாசலில் வந்து நின்றார். "ஸ்டெல்லா அக்கா போய்ட்டாங்க. பஸ்ஸுக்கு நின்னுகினு இருந்தப்போ நெஞ்சு வலியாம்." எதிரில் இருந்தவரிடம் சொல்லவேண்டியதை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். பாதியில் எழுந்திருந்தால் அக்கா திட்டியிருப்பார்.

எங்கள் மருத்துவமனையில் பலருக்கு அவர் டாக்டர்களோடும் மல்லுக்கு நிற்கும் ஆய்வகப் பரிசோதகர். நான் அவரை முதலில் பார்த்தபோது, நான் அங்கே ஒரு நோயாளியின் மனைவி. என் கணவர் கண்ணன் துறைமுகத்துக்கும் எண்ணூருக்கும் இடையே கண்டெய்னர் லாரி ஓட்டியவர். மூன்று வாரமாகத் தலைவலி. கண்ணாடி மாற்றினோம், தர்காவில் மந்திரித்தோம். உளற ஆரம்பித்த பிறகுதான் வார்டில் சேர்த்தோம். அவருக்கு எச்.ஐ.வி. இருப்பது அங்கேதான் தெரிந்தது. முதுகில் ஊசி போட்டு எடுத்த நீர் தெளிவாக இருந்தது. மூளையில் காசநோயாக இருக்கும் என்றார் டாக்டர். "ஒரு தபா கறுப்பு மசி கலந்து மைக்ராஸ்கோப்புல பாத்துடறேன் சார்" என்று அக்கா அதைக் கேட்டு வாங்கிப் போனார்.

சற்று நேரத்தில் என்னை உள்ளே அழைத்து, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார்.

"இன்னா தெரியுது?"

"கறுப்புல வெள்ள வெள்ளயா வட்டம்."

"அது காளான் ஜாதி. ஒடம்புல எதிர்ப்பு கொறஞ்சா மூளைக்கு ஏறிடும். அதான் உன் வூட்டுக்காரரு தலவலி."

எப்படித் தெரியும் என்று கேட்டேன். தன் கணவர் ஆப்பிரிக்காவில் ஜாம்பியா நாட்டில் பள்ளி ஆசிரியராக இருந்தபோது அக்கா அங்கே ஒரு மருத்துவமனையில் வேலை செய்தவர். "நான் போன புதுசுல மூளக்காய்ச்சல்னா கொழந்தைங்கதான் வருவாங்க. எச்.ஐ.வி. பரவுனப்புறம் வயசுப் பசங்க, கைக்கொழந்தக்காரிங்க. கட்டில் பத்தாம தரையில படுத்துகினு, எல்லாரும் சொல்றது தலவலி ஒண்ணுதான். பாதிக்கு மேல இந்தக் காளான், மீதில நெறைய டிபி. பேரைக் கண்டுபிடிச்சுக் குடுப்பேன். மருந்து இருக்காது" என்றார்.

கண்ணனுக்கு மருந்து ஏறியது. மூளையில் அழுத்தம் குறைய, முதுகில் இன்னும் சில முறை நீர் எடுக்கவேண்டும் என்றார்கள். அப்படி எடுத்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று மாமியார் அழுதார். நான் கையெழுத்துப் போட மறுத்தேன். இரண்டு நாள் கழித்துக் காலையில், "லைட்டப் போடு" என்றார் கண்ணன். ஜன்னல் வழியே முகத்தில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அதன் பிறகு ஓடிப்போய்க் கையெழுத்துப் போட்டேன். பார்வை திரும்பவில்லை. அடுத்த வாரம் அவர் இறந்தார்.

அக்காவிடம், "நான்தான் கொன்னுட்டேன்" என்றேன். இல்லை என்று அவர் உடனே சொல்லவில்லை. அதனால்தான் பிறகு சொன்னதை நம்பினேன். "மொதல் நாளே கையெழுத்துப் போட்டிருந்தா கண்ணு தப்பிச்சிருக்கலாம். உசுரு, தெரியாது. ஆனா ஒனக்கு யாரும் ஒக்காந்து சொல்லல. நானும் சொல்லல. ஸ்லைடப் பாத்துட்டு என் வேல முடிஞ்சிச்சுன்னு போய்ட்டேன்."

என் இரத்தத்தையும் அவர்தான் எடுத்தார். எனக்கும் எச்.ஐ.வி. இருக்கிறது என்ற முடிவைச் சொன்னபோது கதவைச் சாத்திவிட்டு, நோயின் பெயரைக் குரல் தாழ்த்தாமல் சொன்னார். "மெதுவாச் சொன்னா அது போய்டுமா?" எனக்குத் தேவைப்பட்ட காலத்தில் இலவச மாத்திரை வந்துவிட்டது. வார்டு வாசலில் உட்கார்ந்து குடும்பங்களிடம் பேசும் வேலைக்கு என்னை எடுக்கச் சொல்லி, மாதக்கணக்கில் அதிகாரிகளை நச்சரித்தவரும் அவர்தான்.

அப்படியும் நாங்கள் காப்பாற்றியவர்களைவிட இழந்தவர்களே அதிகம். தாமதமாகத்தான் வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் அக்கா ஸ்லைடைக் கழுவிவிட்டு, சாப்பிடாமல் வீட்டுக்குப் போவார். தலைவலி என்று யார் சொன்னாலும் அவர் முதலில் கேட்பது, "எத்தினி நாளா?"

புதன்கிழமை மாலை அவரை அடக்கம் செய்தோம். எனக்கு அழுகை வரவில்லை. குழியை மூடிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் நின்ற இளம்பெண் நெற்றியைப் பிடித்துக்கொண்டு, "ஒரே தலவலிக்கா" என்றாள். யார், என்ன என்று யோசிக்கும் முன்பே என் வாய் கேட்டுவிட்டது: "எத்தினி நாளா?"

அவள் விழித்தாள். "இப்பதான்க்கா. வெயில்ல நின்னதுல."

அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தக் கேள்விதான். பதிலைக் கேட்ட பிறகுதான் அழுதேன்.